விண்மீன்கள் இல்லாத வானம்

பகுதி-1 தமிழ் நடத்துவோர்க்கு வாய்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் வேறு துறையினர். கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் என எங்கிருந்தோ வந்து நான்கு பருவங்கள் நம் முன் அமர்ந்திருப்பர். தேர்வு முடிந்த கையோடு யாப்பையும் அணியையும் மறந்துவிட்டுப் பிழைப்பைத் தேடிப் போவர். அவ்வாறு போனவர்களுள் ஒருவன், பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்து ஒருநாள் அழைத்தான்.

"அம்மா, ஒரு மொழியில் 'நீ' என்பதற்கு ஆளுக்கு ஆள், தகுதிக்குத் தகுதி வேறு வேறு சொல் இருக்கிறது. அந்த மொழி எந்த நாட்டிலும் இல்லை. ஒரே ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கியது. இலக்கணப் புத்தகம் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு அனுப்பட்டுமா?"

இது 2016-இல். (இக்கட்டுரையில் 'நாம்' என வருவது இதை எழுதுபவரை மட்டுமே குறிக்கும். வகுப்பறைப் பழக்கம், அன்பர்கள் பொறுத்தருள்க.) ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில், ஊறுகாய்ப் புட்டி வந்த வழியே திரும்பிப் போகாமல், தடித்த ஒளிநகல் கட்டு ஒன்று நம் வீடு வந்து சேர்ந்தது. மேலட்டையில் கொடிபோல் வளைந்தோடும் ஓர் எழுத்து. வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அராபிய எழுத்தோ என முதலில் மயங்கினோம், அன்று. அதுதான் த்ஸோல்யானி மொழி. 1978-இல் அச்சேறிய அவ்விலக்கணத்தை ஒரு கோடை விடுமுறை முழுதும் வைத்துப் படித்தோம். வேற்றுமைக்கும் ஒட்டுக்கும் ஒழுங்காக விதி சொல்லும் நூல் அது; எழுதியவர் தொழில்முறை மொழியியலர் என்பது சில பக்கங்களிலேயே புலப்பட்டுவிடும். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்னும் நான்கிலேயே ஊருக்கு ஊர் தடுமாறும் நமக்கு, அந்த முன்னிலைப் பெயர்களின் வரிசை ஒருவகைத் திகைப்பையே தந்தது.

அந்த மொழி ஒரு விளையாட்டுக்காக அச்சிடப்பட்டது என்பதை அறிந்தபோது திகைப்பு இரட்டித்தது.

*

விளையாட்டு என்றவுடன் கணினித் திரையை நினைக்க வேண்டா. ஒரு மேசை, ஐந்தாறு பேர், சில பகடைகள், தாள், எழுதுகோல், அவ்வளவே. ஒருவர் நடத்துபவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். "நகரவாயிலில் காவலன் மறிக்கிறான், என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். ஒருவர் பணிந்து பேசுவேன் என்பார். இன்னொருவர் மதிலேறிக் குதிப்பேன் என்பார். குதித்தவர் கால் முறிந்ததா என்பதைப் பகடை சொல்லும். நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் ஒருவன் எல்லா வேடத்தையும் இழுத்துப் பிடித்து நடத்துவதை எண்ணிக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பார்வையாளர் என ஒருவரும் இல்லை என்பதுதான் வேறுபாடு.

இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதலில் அச்சானது 1974-இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனமே மறு ஆண்டு, 1975-இல், 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' என்னும் பெட்டியை வெளியிட்டது. மலரிதழ் அரியணைப் பேரரசு எனலாம். முன்னது ஆட்டவிதிகளைத் தந்தது. உலகத்தை ஆடுவோரே கட்டிக்கொள்ள வேண்டும். பின்னதோ விதிகளோடு ஓர் உலகத்தையே வரைபடம், வரலாறு, தெய்வங்கள், நாணயம், எழுத்து உட்படப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தது. அதன் பெயர் டெகுமெல். ஆக்கியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறைப் பேராசிரியர்.

அந்த உலகத்தைச் சற்றே விரித்துச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

பல்லாயிரம் ஆண்டு பிந்திய எதிர்காலத்தில், விண்வெளியில் உலவும் மனிதரும் அவர்தம் வேற்றுலகக் கூட்டாளிகளும் நச்சுக்காற்று நிறைந்த ஒரு கோளைத் தமக்கேற்பத் திருத்திக் குடியேறுகின்றனர். அம்மண்ணின் பழங்குடி உயிர்களை ஒதுக்குப்புறங்களில் அடைக்கின்றனர். பிறகு ஒருநாள், காரணம் தெரியாமல், அக்கோளும் அதன் ஞாயிறும் இரு திங்கள்களும் உடன்சுற்றும் கோள்களும் பேரண்டத்திலிருந்து அறுபட்டுத் தனியே ஒரு குமிழிக்குள் விழுந்துவிடுகின்றன. இரவில் அண்ணாந்து பார்த்தால் விண்மீன் ஒன்றும் இல்லை. கப்பல்கள் வருவதில்லை. பொறிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. இரும்பு அரிதான மண்ணாதலால் புதிது செய்யவும் வழியில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகள் கழித்து, 'விண்மீன்' என்ற பொருளையே காணாத வழித்தோன்றல்கள், ச்லென் என்னும் விலங்கின் தோலைப் பதப்படுத்தி வாளும் கவசமும் செய்து, பேரரசுகள் கட்டி, பழைய பொறிகளை மந்திரப்பொருள் எனக் கருதி வாழ்கின்றனர். குதிரை கிடையாது. ஏறிச் செல்லத்தக்க வேறு விலங்கும் கிடையாது. எல்லாரும் நடக்கின்றனர்.

நடப்பதற்குச் சாக்பே என்னும் மதிற்சாலைகள் உண்டு. மூன்றடுக்குச் சாலை, தாழ்ந்த அடுக்கில் பொதுமக்கள், உயர்ந்த அடுக்கில் உயர்குடியினர். மாயா மக்களின் பழஞ்சாலைகளின் பெயரைத் தழுவியது இச்சொல். அடுக்குகளோ நமக்கு எவரும் விளக்கத் தேவையற்றவை. நாம் பிறந்த ஊரில் எந்தத் தெருவில் எவர் செருப்பணிந்து நடக்கலாம் என்பதற்கு வரைபடம் போட்டதில்லை; எல்லாரும் அறிந்திருந்தனர்.

த்ஸோல்யானு பேரரசில் குலமே எல்லாம். பெரும் குற்றத்துக்குத் தண்டனை கழுவேற்றம். மேலைநாட்டு வாசகர் அச்சொல்லைக் கண்டு நடுங்குவர் போலும்; நமக்குக் கழு என்பது இலக்கியத்திலும் ஊர்ப்புறத் தெய்வக்கதைகளிலும் நட்டு வைக்கப்பட்டிருப்பது. தெய்வங்களை நன்மை, தீமை என்று பிரிக்காமல் நிலைபேற்றின் தெய்வங்கள், மாற்றத்தின் தெய்வங்கள் என்று பிரித்திருப்பார். ஒளிக்கு ஒருவர் ஹ்னல்லா; புழுக்களுக்கும் பிணத்துக்கும் ஒருவர் சார்கு. இருவர் கோயிலும் ஒரே நகரத்தில், ஒரே அரசின் காவலில். ஆங்கிலக் கற்பனைக் கதைகளில் அலுக்க அலுக்க வரும் கோட்டைகளும் குதிரைவீரரும் இங்கே இல்லை. இந்தியா, எகிப்து, மெக்சிகோ, அராபியா என ஐரோப்பாவை விட்டு விலகிய நிலங்களிலிருந்தே இதன் வண்ணங்கள் வந்தன.

ஆட்டம் தொடங்கும் விதம் ஒன்று நம் மாணவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆடுவோர் காட்டுநாட்டு அந்நியராய்ப் படகில் வந்து ஜகால்லா துறைமுகத்தில் இறங்குவர். அந்நியர் குடியிருப்பை விட்டு வெளியே காலடி வைக்க உரிமை இல்லை. வழக்கம் தெரியாமல் ஓர் உயர்குடியாளரைத் தவறான 'நீ' கொண்டு விளித்தாலும் தலைக்கு ஆபத்து. சில்லறை வேலைகள் செய்து, ஆதரவாளரைத் தேடி, மெல்ல மெல்லக் குடியுரிமை நோக்கி நகர வேண்டும். "அம்மா, பகலில் விசா, ராத்திரியிலும் விசா" என்று சிரித்தான். அவன் வேலை விசாவில் போனவன்.

*

பார்க்கர் 1929-இல் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் பிறந்தவர். சிறுபிள்ளையாய் இருந்தபோதே இவ்வுலகத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார். 1951-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று இந்தியா வந்தார். அக்காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவி முகம்மது அப்துர் ரகுமான் என்னும் பெயரை ஏற்றார். ஆரிகன் மாநிலத்துப் பழங்குடியினரின் க்லமத் மொழியை ஆராய்ந்து முனைவரானார். அம்மொழிக்கு அவர் தொகுத்த கதைகளும் அகராதியும் 1963-இலும் இலக்கணம் 1964-இலும் வெளிவந்தன. இன்று க்லமத்தைத் தாய்மொழியாகப் பேசுவோர் எவரும் இல்லை. மீட்க முயல்வோர்க்கு அந்நூல்கள் கைவிளக்கு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உடன் பணிபுரிந்தோருடன் உருது மொழிக்குப் பாடநூல் செய்தார். பலூச்சி மொழிக்கும் செய்தார். 1972-இல் மினசோட்டா சென்றார். அங்கே மாணவர் வழியாகப் புதிய ஆட்டத்தைக் கண்டு, பிள்ளைப்பருவம் முதல் பொத்தி வைத்திருந்த உலகை அதில் இறக்கி, 1974-இல் சைக்ளோஸ்டைல் செய்து நண்பர்க்குக் கொடுத்தார். மறு ஆண்டு அது பெட்டியாக வந்தது.

டோல்கீனைப்போல் இவரும் மொழியிலிருந்து உலகம் செய்தவர். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆக்கிய இருவருள் ஒருவரான டேவ் ஆர்னிசன், தமக்கு மிகவும் பிடித்த ஆட்டநடத்துநர் பார்க்கரே எனக் கருதினார். வியாழன் இரவுதோறும் அவர் வீட்டில் கூடிய குழு பல்லாண்டு ஆடியது. அக்குழுவினர் மேசையில் செய்ததெல்லாம் அவ்வுலகின் வரலாறாகவே ஏடேறியது என்பது நம்மை ஈர்த்த செய்தி. ஒருவர் ஏற்ற பாத்திரம் படைத்தலைவராகும்; பிற்பாடு வரும் நூலில் அப்படைத்தலைவர் பெயர் இருக்கும். ஆக்கியோன் பெயர் ஒன்றானாலும் கைகள் பல.

ஆனால் வணிகத்தில் டெகுமெலுக்கு நல்லூழ் இல்லை. டி.எஸ்.ஆர். விரைவில் கைவிட்டது. 1983-இல் கேம்சயன்ஸ் என்னும் பதிப்பகம் 'சோர்ட்ஸ் அண்ட் க்ளோரி' என முதல் தொகுதியை வெளியிட்டது. மறு ஆண்டு இரண்டாம் தொகுதி வந்தது. ஆட்டத்தை நடத்துபவர்க்கான மூன்றாம் தொகுதி வரவே இல்லை. பாயிரமும் எழுத்தும் சொல்லும் வந்து பொருளதிகாரம் வராது போன நிலை. 1994-இல் 'கர்தாசியல்' என்று வேறொரு பதிப்பகம். 2005-இல் கனடாவின் கார்டியன்ஸ் ஆஃப் ஆர்டர் அழகாக ஒரு நூல் கொணர்ந்தது. 2006-இல் அந்நிறுவனமே மூடப்பட்டது. 2014-இல் ஓவியர் ஜெஃப் டீ 'பெத்தோர்ம்' என்று தம் முயற்சியில் ஒன்று செய்தார். ஒவ்வொரு பதிப்புக்கும் இடையில் நெடுங்கால வறட்சி. அந்த வறட்சியில் இதனை உயிரோடு வைத்திருந்தோர் பதிப்பாளர் அல்லர்.

மாணவன் ஆடும் மேசையில் ஒரு முதியவர் 1975-ஆம் ஆண்டுப் பெட்டியை வைத்திருந்தார். 25 டாலருக்கு வாங்கினாராம். அன்றைக்கு அது கொள்ளை விலை. வரைபடம் மடிப்பில் கிழிந்து, பின்புறம் துணி ஒட்டப்பட்டிருந்தது. பழைய விதிகளைக் கொண்டு ஆடுவது கடினம் என்பதால் அன்பர் பலர் தமக்குப் பழகிய வேறு ஆட்டவிதிகளுக்கு இவ்வுலகைப் பெயர்த்தெழுதி இலவசமாய்க் கொடுத்தனர். இங்கிலாந்தின் டேவ் மாரிஸ் 'டிரிகெலு' என்று ஒன்றைச் செய்தார். சிலர் ஈயப் பொம்மைகள் வார்த்தனர். ச்லென் தோற் கவசத்தின் வளைவு சரியா என்று மாதக்கணக்கில் வாதிட்டனர். கிடைக்காத நூல்களைச் சிறு அளவில் மறுஅச்சு செய்து விற்றோர் உண்டு. ஒளிநகல், தட்டச்சு, கையால் வரைந்த படங்கள் கொண்டு ரசிகர் இதழ்கள் நடத்தினர். நம் சிற்றிதழ்களின் கதையை அறிந்தவர்க்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. சந்தாதாரர் எண்ணிக்கையைக் காட்டிலும் இதழ்ப்பொறுப்பாளர் பட்ட கடன் பெரிது. எனினும் அடுத்த இதழ் வந்துவிடும்.

இவர்களை ஏடு பெயர்த்தெழுதியோருடன் ஒப்பிட ஆசை எழுகிறது. முழுக்கப் பொருந்தாது. ஏடெழுதியவன் கூலிக்கோ புண்ணியத்துக்கோ எழுதினான். பிழை நேர்ந்தாலும் தான் சேர்த்ததாகச் சொல்லிக்கொள்ளான். இவர்களோ சேர்ப்பதற்காகவே எழுதுகின்றனர். ஒவ்வொரு மேசையிலும் ஒரு டெகுமெல்; மெய்யான டெகுமெல் எது என்பது இவர்களிடையே ஓயாத வழக்கு. ஆகவே உரையாசிரியர் என்பதே அணுக்கமான சொல். மூலம் இரண்டடி, உரை இருபது பக்கம். உரையின்றி மூலம் நமக்குக் கிட்டாது.

*

நிற்க. நம் கதைக்கு வருவோம்.

2018-இல் கல்லூரித் தமிழ்மன்றத்தில் 'முன்னிலைப் பெயர்களும் சமூகப் படிநிலையும்' என்று ஓர் உரை நிகழ்த்தினோம். தமிழில் தொடங்கி, சாவக மொழியின் உயர்வழக்கு, தாழ்வழக்கு வழியே சென்று, இறுதியில் த்ஸோல்யானி. மாணவர்க்கு அதுவே பிடித்திருந்தது. பார்க்கரின் வாழ்வையும் சொன்னோம்: பேசுவோர் அற்றுப்போன பழங்குடி மொழிக்கு அகராதி செய்தவர், உருது கற்பித்தவர், இன்னொரு நாகரிகத்தை உள்ளிருந்து காண முயன்றவர். சொல்லிக்கொண்டே வந்தபோது, முன்கூட்டி எழுதிவைக்காத ஒரு வரி வாயில் வந்தது. இத்தனை மொழிகளை நேசித்த ஒருவரால் எந்த மனிதக் கூட்டத்தையும் வெறுக்க முடியாது என்றோம். கைதட்டினர். உரை அவ்வாண்டுக் கல்லூரி மலரில் அச்சானது. அந்த வரியைப் பெட்டிகட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தனர். நமக்கும் மகிழ்ச்சியே.

2022 மார்ச்சில் மாணவன் அழைத்தான். அவன் குரல் மாறியிருந்தது. வீட்டில் ஏதோ துயரச் செய்தி என்றே எண்ணினோம்.

பார்க்கர் 2012-இல் மறைந்துவிட்டார். அவருடைய படைப்புகளைக் காக்கும் பொறுப்பு டெகுமெல் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பிடம் இருந்தது. 2008-இல் அன்பர்கள் அமைத்தது. அந்த அமைப்பு இப்போது ஓர் அறிக்கை விடுத்திருந்தது. 1991-இல் அமெரிக்க நாஜிப் பதிப்பகம் ஒன்று புனைபெயரில் வெளியிட்ட ஒரு நாவலை எழுதியவர் பார்க்கரே. நாஜிகளின் வழிவந்தோர் எதிர்காலத்தில் வெல்வதாகவும் அது நல்லதே என்பதாகவும் சொல்லும் கதை. நூலின் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. அதனோடும் நிற்கவில்லை. யூத இனப்படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிப்பதற்கென்றே நடந்த ஓர் இதழின் ஆலோசனைக் குழுவில் 1990 முதல் 2002 வரை அவர் பெயர் இருந்திருக்கிறது. புனைபெயரில் அன்று, சொந்தப் பெயரில். தேடியிருந்தால் எவர் கண்ணுக்கும் பட்டிருக்கும். நம் கண்ணுக்கும்.

அன்றிரவு அலமாரியிலிருந்து கல்லூரி மலரை எடுத்துப் பார்த்தோம். பெட்டிகட்டிய வரி இருந்தது.

எழுத்தாளனையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். சங்கப் புலவர் பலர் வாழ்க்கை நமக்குத் தெரியாது. பெயரே தெரியாதோரும் உளர். பாட்டு நிற்கிறது, போதும் என்போம். அது நமக்கு எளிது. இரண்டாயிரம் ஆண்டுத் தொலைவில் எவர் எவரை வெறுத்தார் என்பது எவர் உடம்பிலும் இன்று தைக்காது. இங்கே அப்படியன்று. அந்த இதழ் பொய் என்று சொன்ன கொலைக்களங்களிலிருந்து மீண்டவர்கள் 1990-இல் உயிரோடு இருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பகடை உருட்டும் மேசைகளில் இருந்தனர். மாணவனின் மேசையிலும் ஒருவர் இருந்தார். யூதப் பெண்மணி. ஜகால்லா நகரத்து அந்நியர் குடியிருப்பைச் சந்து சந்தாக வரைந்து வைத்திருப்பவர் அவரே. அவன் முதன்முதலில் அம்மேசைக்குப் போன இரவில் அவனுக்குச் சாப்பிட முடியாத இறைச்சி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தனித்தட்டு வைத்தவர்.

டெகுமெலுக்குள்ளேயே அந்த நஞ்சு இருந்ததா? ஒளிநகல் கட்டையும் மாணவன் அனுப்பியிருந்த பிற நூல்களையும் மீண்டும் படித்தோம். அறிக்கைக்குப் பின் பலரும் அவ்வாறே படித்தனர். மண்ணின் பழங்குடி உயிர்களை அடைத்துவைத்த குடியேற்றம், கழுமரம், அடிமைச்சந்தை, மூன்றடுக்குச் சாலை எல்லாம் அப்படியே இருந்தன. முன்பு, ஓர் ஆசிரியர் பண்டைய உலகத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறார் என்று மெச்சிய இடங்கள் அவை. இப்போது அதே பக்கத்தைப் படிக்கையில், இதை அவர் காட்டினாரா, விரும்பினாரா என்ற ஐயம் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபுறம், பலநிற மாந்தரும் பலவகை உயிர்களும் ஒரே அங்காடியில் பேரம் பேசும் நகரமும், வெள்ளைத் தோல் ஆளும் தோலாக இல்லாத பேரரசும் அதே கையால் எழுதப்பட்டவை. வெறுப்பு ஒரு மனிதரின் எல்லா அறைகளிலும் ஒரேபோல் விளக்கெரிப்பதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அது அவருக்குச் சமாதானம் ஆகாது. க்லமத் அகராதி பயன்படும். உருதுப் பாடநூல் பயன்படும். அந்த நாவலும் அந்த இதழும் அவர் செய்தவையே.

நமக்கு இதில் மிகவும் கடினமாயிருந்தது காப்போரின் நிலை. ஒரு நூலை அழியாமல் வைப்பதற்கு நாற்பதாண்டு கைப்பொருளும் மாலைப்பொழுதும் செலவிட்டவர்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் தெரியும். அவர்கள்தாம் சொல்ல வேண்டும். அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பின் அறிக்கை வந்தது. இத்தனை தாமதம் ஏன் என்று அன்பரே கடிந்துகொண்டனர். கடிந்தது நியாயமே. ஆயினும், சொன்னால் உலகமே கைவிட்டுப் போகும் என்ற அச்சம் எத்தகையது என்பதை நாம் ஒருவாறு அறிவோம். ஏனெனில் அறிக்கையைப் படித்த மறுவாரம் கல்லூரி மலர்ப் பொறுப்பிலிருந்தவரிடம் போய், அவ்வாண்டு மலரில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றோம். அவர் நல்ல மனிதர். முழுவதும் கேட்டார். "யாருங்க அந்த பார்க்கர்? நாலு வருசத்துக்கு முந்தைய மலரை யார் வச்சிருக்காங்க? நீங்களா போய் ஏன் கிளறணும்?" என்றார். வற்புறுத்தியிருக்கலாம். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அதற்கு மறு ஆண்டும் கேட்கவில்லை. ஒரு பத்தித் திருத்தத்துக்கே நம் நா எழவில்லை என்னும்போது, வாழ்நாள் உழைப்பைப் பணயம் வைத்துச் சொன்னவர்களைத் தாமதம் என்று இகழ நமக்குத் தகுதி போதாது.

*

மாணவனின் மேசை ஆறு வாரம் கூடவில்லை. 1975-ஆம் ஆண்டுப் பெட்டிக்காரர் இனி ஆடுவதில்லை என்று விலகிவிட்டார். பெட்டியை விற்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. மாடி அறையில் வைத்துவிட்டாராம். இன்னொருவர், செத்தவர் நமக்கென்ன, உலகம் எப்போதோ நம்முடையதாகிவிட்டது என்றார். வேறொருவர் விதிகளை வைத்துக்கொண்டு பெயர்களை எல்லாம் மாற்றிவிடலாம் என்றார். எல்லாரும் வரைபடக்காரப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தனர். அப்படிப் பார்த்ததே தவறு என்று பின்னர் உணர்ந்ததாக மாணவன் சொன்னான். ஏன் எல்லார் சார்பிலும் அவரே முடிவு சொல்ல வேண்டும்?

அவர் ஆறாம் வாரம் தாமே அழைத்தார். இரண்டு நிபந்தனை வைத்தார். புதிதாக எவர் மேசைக்கு வந்தாலும், பகடையை எடுக்கும் முன் இதைச் செய்தவர் யார், வேறு என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பேராசிரியர் எழுதிய நூல் எதையும் இனிக் காசு கொடுத்து வாங்குவதில்லை. இருப்பதை வைத்து ஆடுவது. வரைபடம் தம்முடையது, அதைத் தாம் எவருக்கும் விட்டுத்தருவதாக இல்லை என்றும் சொன்னாராம்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டோம்.

"நாங்க ஒத்துக்கிட்டோம்மா" என்றான்.

முன்பெல்லாம் அவன் வாயில் 'நம்ம பேராசிரியர்' என்றே வரும். நாம், நாங்கள் வேறுபாட்டை முதலாம் பருவத்தில் அவனுக்குப் பாடம் சொன்னது நாமே. கேட்பவரையும் உள்ளடக்கினால் நாம், நீக்கினால் நாங்கள். அங்கே இல்லாத ஒருவரை நீக்குவதற்கு இலக்கணத்தில் தனிச்சொல் இல்லை. அவன் குரலில் இருந்தது.

பெட்டி போய்விட்டதால் வரைபடம் ஒன்றே மேசையில் விரிகிறது. சென்ற மாதம் பேசியபோது அவர்கள் சாக்பே சாலையில் கீழடுக்கில் பதினொரு நாள் நடையில் இருந்தனர். மேலடுக்கில் ஒரு பிரபுவின் பல்லக்கு போய்க்கொண்டிருக்கிறது; வழிவிலகி நிற்பதா, விளித்துப் பேசுவதா என்று இரண்டு வியாழனாக வாதம். விளிப்பதென்றால் எந்த 'நீ' என்று தெரிய வேண்டும். "உங்ககிட்ட அந்த ஜெராக்ஸ் இன்னும் இருக்காம்மா? எங்க புத்தகம் அவரோட பெட்டியோட போயிடுச்சு" என்றான்.

இருந்தது. உரிய பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினோம். கட்டைத் திரும்பக் கட்டுமுன், 2022-ஆம் ஆண்டு அறிக்கையை அச்செடுத்து முதற்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டோம்.

கல்லூரி மலரின் அந்த வரி இன்னும் நூலகத்தில் இருக்கிறது. இத்தனை மொழிகளை நேசித்த ஒருவரால் எந்த மனிதக் கூட்டத்தையும் வெறுக்க முடியாது என்று 2018-இல் நாம் சொன்னது பிழை. மலரில் இடம் கிடைக்காததால் இங்கே பதிகிறோம்.